தாழ்வு மண்டல சார்

ஐப்பசி பிறந்து, அந்தமான் பக்கம் நாலு மேகம் கூடினால் போதும். எங்கள் வேளச்சேரித் தெருவில் வானத்துக்கு முன்னால் சாரின் முகம் இருட்டிவிடும். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கிறார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவுக்கு அவர் தாழ்வு மண்டல சார். இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். இல்லையென்றால் அது நீங்கள்தான்.

புயலையும் அவர் ஆபீஸ் கண்ணால்தான் பார்ப்பார். தாழ்வுப் பகுதி என்பது தினக்கூலி. தாழ்வு மண்டலமானால் வேலை நிரந்தரம். ஆழ்ந்த தாழ்வு மண்டலம், பிரமோஷன் லிஸ்டில் இருப்பவர். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் ஆர்டர் கைக்கு வரும், பெயர்ப்பலகையும் மாட்டுவார்கள். “பேரெல்லாம் முன்னாடியே எழுதி வச்சாச்சு தம்பி. 13 நாடு சேந்து குடுத்த லிஸ்ட். சிபாரிசெல்லாம் செல்லாது, வரிசைப்படிதான்” என்று சொல்லும்போது குரலில் ஒரு நிறைவு இருக்கும். 2023-இல் வந்த மிக்ஜாம் மேல் மட்டும் அவருக்குத் தீராத கோபம். “போஸ்டிங் ஆந்திராவுக்கு. போற வழியில மெட்ராஸ்ல ரெண்டு நாள் கேம்ப் போட்டு நம்மள முழுகடிச்சுட்டு, டிசம்பர் 5-ஆம் தேதி பாபட்லாவுல போய் நல்ல பிள்ளையா ஜாயின் பண்ணுது!”

தெருப் பையன்களைப் பிடித்து வைத்துத் துறைமுகக் கூண்டுப் பாடமும் நடத்துவார். 1 ஏற்றினால் எங்கோ தூரத்தில் தாழ்வு மண்டலம். 10 என்றால் பெரிய அபாயம், புயல் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலோ கரையைக் கடக்கப்போகிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு: 11. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். “10-க்குக் கூட பயப்பட மாட்டேன்டா. 11-தான் பயம்” என்பார்.

மளிகைக் கடை அண்ணாச்சி டி.வி. செய்தி பார்ப்பதில்லை. சார் கையில் ஒரு பையோடு வந்தால் காற்று லேசு. இரண்டு பை என்றால் மெழுகுவர்த்திப் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். மூன்றாவது பை தெரிந்தால் பிரெட்டுக்குப் போன் போட்டுவிடுவார். “சாரு வந்தா சரக்கு நிக்காது வே” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

சார் வீட்டு லாஃப்ட்டைத் திறந்து பார்க்க எனக்கு ஒருமுறை வாய்த்தது. கீழடியில் குழி தோண்டிப் பார்ப்பது போல அடுக்கு அடுக்காக வரலாறு. அடியில் 2015: ஒரு லாரி டியூப், காற்றடிக்கும் பம்பு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் படகு ஓடியது. படகுக்காரர் சாரைக் கூப்பிடாமல் போய்விட்டார். அடுத்த வருடம் தண்ணீர் வரும் என்று டியூபைக் காற்றடித்து மொட்டை மாடியில் தயாராக வைத்தார். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வந்ததோ வர்தா. தண்ணீர் தெருவில் கணுக்கால் கூட நனைக்கவில்லை. காற்று டியூபைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தின் மேல் மாட்டியது.

அதனால் இரண்டாவது அடுக்கு: மரம் அறுக்க ரம்பம், வெட்டரிவாள், அப்புறம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பத்து ரூபாய் நோட்டு. வர்தாவுக்கு ஒரு மாதம் முன்னால்தான் 500, 1000 செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். புயல் அடித்ததும் கரண்ட் இல்லை, ஏ.டி.எம். இல்லை, கார்டு தேய்க்கும் மெஷினுக்கும் உயிர் இல்லை. பையில் புது 2000 ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு, சில்லறையில்லாமல் சார் பாலில்லாத காபி குடித்த நாட்கள் அவை. ரம்பத்தைத் தீட்டி வைத்துக்கொண்டு அவர் எதிர்கொண்ட அடுத்த பெரிய புயல் மிக்ஜாம். அதில் மறுபடி தண்ணீர், தெருவுக்குள் பால் வரவில்லை. ஆகவே மேலடுக்கில் பால் பவுடர். போன புயலை எதிர்கொள்ள எங்கள் சாரைப் போல ஆயத்தமான மனிதர் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

ஆனாலும் மிக்ஜாமின்போது அவர் வைத்திருந்த ஆறு வாட்டர் கேன்தான் எங்கள் பில்டிங்கைக் காப்பாற்றியது. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் மேலே ஏறி வந்துவிட்டார்கள். சார் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொம்பு சொம்பாக அளந்து கொடுத்தார். மடியில் நீள நோட்டு. ‘குடிநீர் வழங்கல் பதிவேடு.’ வரிசை எண், பெயர், வீட்டு எண், அளவு, கையொப்பம். டார்ச் வெளிச்சத்தில் நாலு சொம்புக்கு நான் கையெழுத்துப் போட்டேன். ஓரமாகப் போட்டேன் என்று இன்னொரு முறை போடச் சொன்னார்.

இப்போது காரும் சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, அந்த வரிசையில் சாருடையதும் உண்டு. அதிலிருந்து தாழ்வுப் பகுதி என்ற சொல் காதில் விழுந்தாலே கார் பாலம் ஏறிவிடும். சமீபத்தில் ஒருமுறை அப்படித்தான் ஏற்றிவிட்டு ஆட்டோவில் திரும்பினார். எட்டு பாக்கெட் பிரெட் வாங்கினார், டேங்க்கை நிரப்பினார், பால்கனியில் இருந்த துளசித் தொட்டியைக் கூட ஹாலுக்குள் கொண்டுவந்து சோபாவில் உட்கார்த்தி வைத்தார். மண்டலம் கடலிலேயே வலுவிழந்துபோனது. மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது.

சார் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். அன்று காலை அவர் வீட்டில் பிரெட் டோஸ்ட், ராத்திரி பிரெட் உப்புமா. அடுத்த நாள் பிரெட் பஜ்ஜி, அதற்கும் அடுத்த நாள் மறுபடி உப்புமா. நாலாம் நாள் மாலை, காரை எடுத்து வர என் ஸ்கூட்டரில் லிஃப்ட் கேட்டு வாசலில் நின்றார். உள்ளே மிக்ஸி, குக்கர், அவர் மனைவியின் பேச்சு எதுவும் கேட்கவில்லை.

“அக்கா எப்படி இருக்காங்க சார்?” என்றேன்.

திரும்பி ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “காலையில 10 ஏத்தியிருந்தா தம்பி. இப்ப 11.”