ஆடப்போறது யாரு, பேராண்டி?

லண்டன்ல இருந்து போன் போட்டு, "தாத்தா, புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பகல் டான்ஸ் பார்ட்டிக்குப் போகலாமா, வேண்டாமா?"ன்னு கேட்டியே பேராண்டி, கேட்ட தோரணையிலேயே டிக்கெட் எடுத்தாச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்த பிறகு யோசனை கேக்குறது நம்ம வம்சத்துப் பழக்கம். உங்கப்பன் கெணத்தை வெட்டி முடிச்சிட்டுத்தான் நீரோட்டம் பாக்க ஆள் கூட்டியாந்தான். போகட்டும், கேட்டதுக்குச் சொல்றேன்.

மொத விசயம், புள்ளைக்காகப் போறோம்னு மட்டும் சொல்லாதே. ரெண்டு வயசுப் புள்ளைக்கு எவர்சில்வர் தட்டைக் கவுத்துப் போட்டு ஒரு கரண்டியைக் கையில குடுத்தா, காலையில ஆரம்பிச்ச ஆட்டம் மத்தியானக் கஞ்சி வரைக்கும் ஓடும். டிக்கெட்டு, ரயில் சார்ஜு ஒண்ணும் கெடையாது. ஆடணும்னு கால் துறுதுறுக்கிறது உனக்கும் உன் பொஞ்சாதிக்கும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதே. பேத்தியை விட்டுச் செல்லுல வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ இருக்கிற நாட்டுல 1988, 89 வாக்குல எளவட்டங்க வயக்காட்டுலயும் பாழடைஞ்ச கிட்டங்கியிலயும் விடிய விடிய ஆடிருக்காக. 'ரேவ்'னு பேராம். 1992 மே மாசம் காசில்மார்ட்டன்னு ஒரு பொட்டல்ல ஆயிரக்கணக்கான சனம் கூடி நாள்கணக்குல ஆட, அரசாங்கத்துக்குப் பொறுக்கல. 1994ல சட்டமே போட்டுட்டாக. ராத்திரி வேளையில 100 பேருக்குக் கொறையாம வெட்டவெளியில கூடி, ஊர் நிம்மதியைக் கெடுக்கிற அளவுக்கு ஸ்பீக்கர் வச்சு ஆடுனா போலீசு கலைக்கலாம்னு. அந்தச் சட்டத்துலயே, அடுத்தடுத்து ஒரே மாதிரி விழுற அடியும் பாட்டுலதான் சேத்தின்னு வெவரமா எழுதி வச்சிருக்காக. நம்ம ஊர்ப் பறையைக் கேட்டிருந்தா அந்த வக்கீலுக என்ன எழுதிருப்பாகளோ!

அன்னைக்குப் போலீசைக் கண்டு ஓடுன கூட்டத்துக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சு, புள்ளை குட்டி ஆச்சு. ராத்திரி ஒம்பது அடிச்சா கொட்டாவி. ஆனா கால் சும்மா இருக்குமா? 2013ல ஹன்னா சாண்டர்ஸ்னு ஒரு அம்மா லண்டன்ல 'பிக் ஃபிஷ் லிட்டில் ஃபிஷ்'னு பகல் ஆட்டத்தை ஆரம்பிச்சாக. கைக்குழந்தையில இருந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்காம். அமெரிக்காவுல பிலடெல்பியாக்காரங்க அதுக்கும் முந்தியே 'பேபி லவ்ஸ் டிஸ்கோ'ன்னு ஒண்ணு நடத்திட்டாக. பகல்ல பூட்டிக் கெடக்கிற கிளப்பைத் தொறந்து, அதே டி.ஜே., அதே வெளக்கு, மத்தியானம் ஆட்டம்.

உள்ள என்னென்ன இருக்குன்னு கேட்டா எனக்கே வரணும்போல இருக்கு. ஒரு பக்கம் சோப்பு முட்டை பறக்குது. ஒரு மேசையில வண்ண மாவு பெசையப் போட்டிருக்கு. செவுத்து நீளத்துக்குத் தாளை ஒட்டிக் கிறுக்க விட்டிருக்காக. தவழுற உருப்படிகளுக்குப் பந்துத் தொட்டி. கடைசியில பெரிய பாராசூட்டு துணியைப் பெத்தவுக சுத்தி நின்னு தூக்கித் தூக்கி எறக்க, அதுக்கு அடியில அம்புட்டு வாண்டுகளும் உக்காந்து அண்ணாந்து பாக்குதுக. அந்தக் கடைசி ஆட்டம் ஒண்ணுக்கே குடுத்த காசு செரிச்சிரும். பக்கத்துலயே பெரியவுகளுக்கு பாரும் தொறந்திருக்காம். அந்தப் பக்கம் உன் பார்வை போச்சுன்னா, இன்னைக்கு யார் புள்ளையைத் தூக்குறதுன்னு வீட்டுலயே பேசி முடிச்சிட்டுப் போ. அங்க போய்ப் பேசாதே.

புள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லையான்னு உன் பொஞ்சாதி மூஞ்சியைத் தூக்குவா. இருக்கு தாயி, இருக்கு. கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டியில 14 மாசக் குழந்தைகளைப் பாட்டுக்குத் தக்கனக் குதிக்க வச்சு, எதுக்க ஒரு பொம்பளையையும் குதிக்கச் சொல்லிருக்காக. அப்புறம் அந்தப் பொம்பளை கைதவறுன மாதிரி துணி மாட்டுற கிளிப்பைக் கீழ போட்டா, தன்னோட சேந்து ஒரே தாளத்துல குதிச்சவளுக்குத்தான் குழந்தைக கூடுதலா ஓடி எடுத்துக் குடுத்திருக்கு. தாளம் தப்பிக் குதிச்சவளுக்கு அம்புட்டு உதவி கெடைக்கல. இது 2014ல வந்த ஆராய்ச்சி. இதுல உனக்கு ஒரு சேதி இருக்கு. புள்ளையை அங்ஙன எறக்கி விட்டுட்டு ஓரமா நின்னு செல்லுல படம் புடிச்சா இந்த லாபம் வராது. கூடச் சேந்து குதிக்கணும். செல்லைப் பைக்குள்ள போடு. நீ ஆடுறதை நீயே படம் புடிச்சுப் பாத்தா அடுத்த தடவை போகவும் மாட்டே.

இப்பக் காது. இதுல மட்டும் கேலி இல்ல. ஒலகச் சுகாதார நிறுவனம், பெரியவுகளுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் 40 மணி நேரம் தாங்கும், புள்ளைகளுக்கு 75தான்னு கணக்குச் சொல்லுது. 90க்கு ஏறிட்டா பெரியவுகளுக்கே வாரத்துக்கு 4 மணி நேரந்தான். பாட்டுக் கச்சேரி நடக்கிற கூடங்களுக்கு 2022ல அது வச்ச உச்ச வரம்பு 100. அது கூடத்துக்கு வச்ச வரம்பு, உன் மகளுக்கு வச்ச அளவு இல்ல. பஞ்சைத் திணிச்சிட்டா போதும்னு உங்க ஆச்சி சொல்லுவா, கேக்காதே. பஞ்சு சத்தத்தைச் சரியாத் தடுக்காது. காதுக்குள்ள வைக்கிற சின்ன அடைப்பானைப் புள்ளை எடுத்து முழுங்கிரும். தலைக்கு மேல மாட்டுற காது மூடி, புள்ளைக சைசுலயே விக்குது. அதை வாங்கு. ஸ்பீக்கருக்கு எட்டத்துல நில்லு. கோயில் கொடைக்குக் கொழாய் ஸ்பீக்கர் கட்டுன கம்பத்தடியில தொட்டில் கட்டித் தூங்க வச்ச நம்ம ஊர் வீரத்தை அங்க போய்க் காட்டாதே. இங்க பாதிப் பேருக்கு எதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கே, எதனாலன்னு நெனைச்சே?

அடுத்து தூக்கம். மத்தியானம் தூங்குற புள்ளையை அந்த நேரத்துக்கு எழுப்பி இழுத்துக்கிட்டு ஓடாதே. முன்கூட்டித் தூங்க வச்சு, வயிறு நெறையக் குடுத்துக் கூட்டிட்டுப் போ. மாத்துத் துணி ரெண்டு எடு. உள்ள நொழைஞ்சதும் வாசல் எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கோ. புள்ளை கண்ணைக் கசக்கி உன் தோள்ல மூஞ்சியைப் பொதைச்சா, பாராசூட்டு இன்னும் விரிக்கலையேன்னு இழுத்துப் புடிக்காதே, கெளம்பிரு. வெளக்கையும் கூட்டத்தையும் பாத்து மெரளுற புள்ளையும் உண்டு. அது பயந்தாங்கொள்ளி இல்ல. அதுக்கு எவர்சில்வர் தட்டே போதும்னு அர்த்தம்.

ஆகக் கூடி என் தீர்ப்பு இதுதான். புள்ளை பேரைச் சொல்லி நீங்க ரெண்டு பேரும் தாராளமா ஆடுங்க. பெத்தவுக சிரிச்சு ஆடுறதைப் பாக்குறதும் புள்ளைக்கு ஒரு சொத்துதான். ஆனா எப்ப ஆட்டத்தை நிறுத்தணும்ங்கிறதை மட்டும் புள்ளைகிட்ட விட்ருங்க. டிக்கெட்டுக்குக் காசு குடுத்தவன் நீயா இருக்கலாம், முதலாளி அதுதான்.