சூரை மீன் கணக்கு

மருமவனே, நீ தேர்தல்ல நிக்கப் போறியாமே! ரொம்ப சந்தோசம். இத்தன காலம் நாம கடலை நம்பிப் பிழைச்சோம். இனி கஜானாவை நம்பிப் பிழைப்போம். மாமன் புத்திமதி ஒண்ணுதான். திங்கணும்னு தோணிட்டா தின்னுக்கோ. ஆனா மொசாம்பிக்காரன் தின்ன மாதிரி மட்டும் திங்காத.

நம்ம இந்து மகாசமுத்திரத்துக்கு அந்தக் கரையில, ஆப்பிரிக்காவுல இருக்கு அந்த நாடு. 2013-ல சூரை பிடிக்கோம்னு எமாட்டும்னு ஒரு கம்பெனி தொடங்கினானுவ. கடன் மட்டும் 85 கோடி டாலர். அந்தத் துட்டுக்கு சூரை நடந்து வந்து வலையில படுக்கணும்லா! வாங்கின போட்டுவ மபூட்டோ துறைமுகத்துல கட்டிக் கிடந்து துருப்பிடிச்சதுதான் மிச்சம். கடலோரக் காவலுக்கு ஒண்ணு, கப்பல் பழுது பார்க்க ஒண்ணுன்னு இன்னும் ரெண்டு கம்பெனி. மொத்தக் கடன் ஏறக்குறைய 200 கோடி டாலர்.

பேங்குக்காரன் அந்தக் கம்பெனி மூஞ்சியைப் பார்த்தா குடுத்தான்? அரசாங்க ஜாமீனைப் பார்த்துக் குடுத்தான். கையெழுத்துப் போட்டது நிதி மந்திரி மானுவல் சாங். நாடாளுமன்றத்துல ஒரு வார்த்தை கேக்கல. சூரைக் கடன் மட்டும் வெளிய தெரிஞ்சுது; மத்த ரெண்டையும் சர்வதேச நாணய நிதியத்துக்கே காட்டாம பாய்க்கு அடியில வச்சுட்டானுவ. நம்மூர்ல ஒருத்தன் ஜாமீன் போட்டா அவன் வீடுதான் ஏலத்துக்குப் போவும். மந்திரி போட்டா ஊரான் வீட்டு அடுப்பெல்லாம் அணையும்.

2016-ல குட்டு உடைஞ்சுது. நிதியம் கைய விரிச்சுது. பட்ஜெட்டுக்குத் துட்டு குடுத்த நாடுகளும் நிறுத்திட்டுது. ரெண்டு வருசத்துல அவங்க ஊர்ப் பணமான மெட்டிக்கால் மதிப்பு பாதிக்கு மேல விழுந்துபோச்சு. வரியா வாரது மெட்டிக்கால், கடனைக் கட்டவேண்டியது டாலர்ல. முழி பிதுங்காம என்ன செய்யும்? 2017 ஜனவரியில வட்டித் தவணையே கட்ட முடியல. தணிக்கை பண்ணினவங்க, 50 கோடி டாலர் எங்க போச்சுன்னே தெரியலன்னுட்டாங்க.

இப்ப கூட்டிப் பாரு. லஞ்சம், கமிஷன்னு இதுல கூட்டுச் சேர்ந்தவனுவ அமுக்கினது குறைஞ்சது 20 கோடி டாலர்னு அமெரிக்க அரசு வழக்குப் போட்டுச்சு. கடன் 200 கோடி. 2019 வரைக்கும் நாட்டுக்கு வந்த நட்டம் குறைஞ்சது 1,100 கோடின்னு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க. அதாவது, அவனுவ ஒரு ரூவா திங்கதுக்கு நாடு பத்து ரூவா கடன்பட்டு, அம்பத்தஞ்சு ரூவா தோத்திருக்கு. இவ்வளவு கூலி வாங்குத களவாணியை நம்ம ஊர்ல எவன் வேலைக்கு வைப்பான்?

சாங்கும் நிம்மதியாத் திங்கல. 2018 கடைசியில ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்துல பிடிபட்டு, 2025-ல நியூயார்க் கோர்ட்டுல எட்டரை வருசம் தண்டனை வாங்கினாரு.

அதனால சொல்லுதேன். உனக்கு எவனாவது கமிஷன் தாரேன்னு ஜாமீன் பத்திரத்தை நீட்டினா, எவ்வளவு தாரான்னு எங்கிட்டச் சொல்லு. வீட்டுக்கு இவ்வளவுன்னு ஊர் வரி போட்டு, அந்தத் துட்டை நாங்களே உனக்குக் குடுத்துருதோம். எங்களுக்கு அதுதான் மருமவனே, மலிவு.