குப்ளாய் கான் ஜோகூருக்குக் குடிவந்த கதை

1292 வாக்கில் மார்க்கோ போலோவின் கப்பல் இந்தப் பக்கமாகத்தான் போனது. எதிரே கிடக்கும் பிந்தான் தீவைக்கூட எழுதிவைத்த மனிதர், ஜோகூரைக் கண்டுகொள்ளவே இல்லை. பாவம், அவர் காலத்தில் 30 விழுக்காடு ரொக்கச் சலுகை கிடையாது.

அந்தச் சலுகையை மலேசியா 2013இல் கொண்டுவந்ததும் போலோ ஓடோடி வந்துவிட்டார், நெட்ஃபிளிக்ஸ் செலவில், ‘மார்க்கோ போலோ’ என்ற தொடராக. படமெடுக்க நூறு வெள்ளி செலவழித்தால் முப்பது வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்றால் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் மட்டும் சும்மா இருப்பாரா? அரண்மனையோடு வந்து இறங்கினார். நூசாஜெயாவில், அதாவது இன்றைய இஸ்கண்டார் புத்ரியில், பைன்வுட் ஸ்டூடியோவுக்குள் சிம்மாசனம் போட்டாயிற்று. இந்தத் தொடரைச் சீனாவிலேயே எடுக்கத்தான், நெட்ஃபிளிக்ஸுக்கு முன்பு இதைக் கையில் வைத்திருந்த ஸ்டார்ஸ் நிறுவனம் ஆசைப்பட்டது. காரியம் ஆகவில்லை. எனவே சீனப் பேரரசு செம்பனைக் காட்டுக்கு மாற்றலாகி வந்தது.

கதையை உருவாக்கியவர் ஜான் ஃபஸ்கோ. பில்லி த கிட்டையும் அவன் கூட்டாளிகளையும் வைத்து 1988இல் ‘யங் கன்ஸ்’ எழுதிய அதே கௌபாய்ப் பட ஆசாமி. அவர் கையில் வெனிஸ் வியாபாரியின் மகன் சிக்கினால் விடுவாரா? ஊருக்குப் புதிதாக வந்த இளவட்டம், முரட்டுப் பெரியவர், குதிரை, பழிவாங்கல் எல்லாம் ஆஜர். போதாக்குறைக்குக் கண் தெரியாத துறவி ஒருவர் போலோவுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுக்கிறார். நிஜப் போலோவின் புத்தகத்தில் அப்படி ஒரு வாத்தியார் கிடையாது.

குதிரைதான் சிக்கல். ஜோகூரில் நாலுகால் பாய்ச்சலில் விட்டால் ஏதாவது செம்பனையில் போய் முட்டும். ஆகவே பாய்ச்சல் கஜகஸ்தானில், பஞ்சாயத்து ஜோகூரில். கானின் அரண்மனை வாசலைத் தாண்டினால் மங்கோலியக் குளிர் இல்லை, நம்மூர்ப் புழுக்கம்.

குதிரையில் காசைக் கரைப்பதை நிஜப் போலோ பாண்டிய நாட்டிலேயே பார்த்தவர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கி, சோறும் கறியும் போட்டு வளர்க்கத் தெரியாமல் சாகடித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். நெட்ஃபிளிக்ஸ் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. முதல் பத்து அத்தியாயங்களுக்கே சுமார் 9 கோடி அமெரிக்க டாலர். 2014 டிசம்பரில் வெளியான தொடர் 2016 டிசம்பரில் மூட்டை கட்டியது. நட்டம் 20 கோடி டாலர் என்று செய்தி வந்தது.

நிஜப் போலோ குப்ளாயிடம் 17 வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார். நெட்ஃபிளிக்ஸ் இரண்டே சீசனில் இருவருக்கும் சேர்த்துச் சீட்டைக் கிழித்துவிட்டது.