முக்குளிப்பான வெரட்ட மூணு வழி

வாய்யா மாப்ளே. பண்ணைக்குட்டையில முக்குளிப்பான் கூடு கட்டிருச்சு, மீனையெல்லாம் காலி பண்ணுதுன்னு அழுவுறியாமே? வெரட்ட வழி சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல கோரையப் பூரா வழிச்சு எடு. அதுக்குக் காலு பின்னாடி தள்ளி இருக்கு, தரையில நடக்கவே தடுமாறும். அதனால தண்ணி மேலயே பாசியச் சேத்து, தெப்பம் மாதிரி கட்டி, கோரத்தண்டுல மாட்டி வச்சிருக்கும். கோரை போனா கூடும் போச்சு. கரை சரிஞ்சு குட்டை தூந்துருமேன்னு கவலப்படாத. ஜேசிபிக்காரனும் பொழைக்க வேணாமா? கடல வித்த காச வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?

முட்டைய எடுத்துரலாம்னா, மொதல்ல அது ஒங்கண்ணுக்குப் படணும். எந்திரிச்சுப் போறப்ப ஈரப்பாசியப் போட்டு மூடிட்டுத்தான் போகும். நீ வீட்டத் தெறந்து போட்டுட்டு கந்தர்வக்கோட்டை கடைத்தெருவுல டீ குடிக்கிற ஆளு, ஒனக்கு எங்க அந்த சூதானம் வரப்போவுது?

வேட்டுப் போடலாம். ஆனா சிவகங்கை ஜில்லா கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க காதுல விழுந்தா சிரிப்பாங்க. அங்க வேட்டங்குடி சரணாலயம்னு 1977-லயே அறிவிச்சாச்சு. அதுவும் மனுசன் வெட்டுன கண்மாய்தான். பறவ மெரளும்னு தீவாளிக்கே வெடி கெடையாது. அதுக்கு வனத்துறை இனிப்பு குடுக்குது. நீ வெடிச்சா ஒனக்கு என்ன குடுப்பாகன்னு விசாரிச்சுக்க.

வேடந்தாங்கல்காரன் இன்னும் மோசம். ஏரியில பறவையச் சுட்டானுகன்னு, வெள்ளைக்காரன் காலத்துலயே செங்கல்பட்டு கலெக்டர்ட்ட போயி, இனிமே சுடக்கூடாதுன்னு கவுல் எழுதி வாங்கிட்டு வந்துட்டான். எச்சம் விழுந்த தண்ணி பாஞ்சா வயலுக்கு எரு மிச்சமாம். 1936-ல அது சரணாலயமே ஆயிருச்சு. நீ கவுரவமா யூரியாவுக்கு வரிசையில நில்லு.

அதுக்காக ஒத்தச் சோடி முக்குளிப்பான நம்பி ஒரத்த நிறுத்திராத. நாரையும் கொக்கும் கூட்டங்கூட்டமா வந்து அடையணும். அடைய நாட்டுக் கருவேல மரம் வேணும். கரையில நின்ன ஒண்ணையும் போன மாசந்தான் வெறகுக்கு வித்த.

அந்த மீன் கணக்கு மட்டும் எனக்கு ஒதைக்குது மாப்ளே. முக்குளிப்பான் வாய்க்கு வெரலு நீளக் குஞ்சுதான் அடங்கும். காணாமப் போனதா நீ சொல்ற கட்லா ஒவ்வொண்ணும் ஒரு கிலோ. அத ராத்திரியில தூண்டி போட்டுப் புடிச்ச பறவைக்கு றெக்கை கெடையாது, வேட்டி உண்டு. ஒங்க அத்தை வச்ச கொழம்பு என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு.