தலைக்கா, தாளிக்கவா?

எங்கள் வீட்டில் 31 வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாதி, நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் மனைவி. பிரதிவாதி, மதுரையில் நல்லெண்ணெய் வாசத்தில் பிறந்து வளர்ந்த நான். வழக்கு இதுதான்: தேங்காய் எண்ணெய் தலைக்கா, தாளிக்கவா?

ஆரம்பித்து வைத்தது நான்தான். மறுவீட்டு விருந்தில், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு அவியலில் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெயை ஒரு கரண்டி சுற்றி ஊற்றினார் மாமியார். பந்தியே மூச்சை இழுத்து 'ஆகா' என்றது. எனக்கு மட்டும் மூன்றாம் வகுப்பு பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பையனின் தலையில் அவன் அம்மா தினமும் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து அனுப்புவார். பத்து மணி வெயிலில் அது கழுத்து வழியாக இறங்கி, காலரைத் தாண்டி, என் வாய்ப்பாட்டுப் புத்தகம் வரை வரும். "மாப்பிள்ளை ஏன் அவியலத் தொடவே இல்ல?" என்று மாமனார் கேட்டார். "தலைக்குத் தேய்ச்ச வாசம் அடிக்குது மாமா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை தவணையில் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் எண்ணெய் என்றாலே நல்லெண்ணெய்தான். எள்ளிலிருந்து வந்த நெய்தான் எண்ணெய். ஆகவே 'தேங்காய் எண்ணெய்' என்ற பெயரே கோளாறு என்று ஒருமுறை இலக்கணத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். மனைவி மற்ற நாளில் மதுரைத் தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால் நாஞ்சில் நாடு திரும்பிவிடும். "அப்போ கடல எண்ணெயையும் கொண்டுபோய்க் கொட்டிருதேன். இலக்கணத்த ஊத்தி வடை சுட்டுத் தின்னுங்க" என்றாள். அன்று மாலை உண்மையிலேயே வடை சுடுவதாக இருந்தது. வாதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஏதோ நாங்கள் இரண்டு பேர்தான் இப்படி அடித்துக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், அரசாங்கமே அடித்துக்கொண்டிருந்தது. சின்ன பாட்டிலில் விற்கிற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா? சமையலுக்கு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், கூந்தலுக்கு என்றால் 18. கலால் வரிக் காலத்திலேயே சேலத்துக் கலால் ஆணையரின் பெயரில் கிளம்பிய வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-இல் இரண்டு நீதிபதிகள் விசாரித்து ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்; ஒருவருக்குச் சமையல், இன்னொருவருக்குத் தலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை போலவே. கடைசியில் 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, பாட்டில் சின்னதாக இருக்கிறது என்பதற்காக அது தலைக்குத்தான் என்று சொல்லிவிட முடியாது, அது சமையல் எண்ணெய்தான் என்று தீர்த்து வைத்தார்கள். மறுநாள் அந்தச் செய்தி கத்தரிக்கப்பட்டு எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அடியில் சிவப்பு மையில் கோடு வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், 2025 செப்டம்பரில் கூந்தல் எண்ணெய்க்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். தலைக்கும் ஐந்து, தாளிக்கவும் ஐந்து. இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வாதாடியவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் ஐப்பசியில் என் ரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. சர்க்கரை நோயாளி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசல்படியில் நிற்கிறேன் என்று அர்த்தம். டாக்டர், நடங்கள், சோற்றைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். நடந்தேன். நடைக்குப் போனதுதான் வினை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை ஐந்தரை மணிக்கு நடக்கிறவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள், மீதிப் பேர் அவர்களுடைய நோயாளிகள். இதில் யாரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. அதில் தலைமை மருத்துவர், ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளர். கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலையில வெறும் வயித்துல ஆப்பிள் சைடர் வினிகர். அப்புறம் காபியில ஒரு ஸ்பூன் வர்ஜின் கோகனட் ஆயில். மூணே மாசம்" என்றார்.

தேங்காய் எண்ணெய் என்று அவர் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். வர்ஜின் கோகனட் ஆயில் என்றாரே! இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வினிகர் அரை லிட்டர் ரூ.450. எண்ணெய் கண்ணாடி ஜாடியில், பச்சைத் துணித் தொப்பி போட்டு, அதைவிட விலை. மனைவி ஜாடியைத் திறந்து முகர்ந்தாள். மூடினாள். ஒன்றும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தீர்ப்பை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை வினிகர். ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, பல்லில் படாமல் ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வேண்டும். அமிலம் பல்லின் எனாமலை அரித்துவிடும். இந்த விவரத்தை மேலாளர் இரண்டாம் நாள்தான் சொன்னார். முதல் நாள் நான் அதைத் தீர்த்தம்போல அப்படியே வாயில் விட்டுக்கொண்டேன். தொண்டையில் யாரோ தீக்குச்சி உரசியது போலிருந்தது. இருமிய இருமலில் அடுத்த தெரு நாய் குரைத்தது. அன்று பூராவும் நான் பேசியதெல்லாம் ரகசியம் மாதிரிதான் வந்தது.

பாட்டிலை முதலில் ஆராய்ச்சி செய்தவர் என் அம்மா. 84 வயது. கண் மங்கல் என்று பெயர். வேண்டியது மட்டும் நன்றாகத் தெரியும். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, அடியில நூல் நூலா மிதக்குது? பூசணம் பிடிச்சதக் குடுத்து ஏமாத்திப்புட்டான்" என்றார்.

"பூசணம் இல்லம்மா. அதுதான் விசேஷமே."

என் மகள் லேபிளைப் படித்தாள்: "வித் த மதர்னு போட்டிருக்கு அப்பத்தா. அம்மாவோட சேத்துத் தர்றாங்களாம்."

"யாரோட அம்மா?"

"வினிகரோட அம்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு அந்தப் பொம்பளைய எதுக்குடா உள்ள போட்டு அடைச்சான்?"

எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை எடுத்து வைத்தேன். ஆப்பிள் சாற்றை முதலில் ஈஸ்ட் புளிக்கவைத்துச் சாராயச் சத்தாக்கும். அப்புறம் அசிட்டோபேக்டர் வகையறாப் பாக்டீரியாக்கள் காற்றைக் குடித்துக்கொண்டு அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றும். அந்தப் பாக்டீரியாவும், அது நெய்கிற செல்லுலோஸ் நூலும் சேர்ந்து மிதப்பதுதான் இந்த 'மதர்'. இதில் ஒரு துளியைப் போட்டால் அடுத்த வினிகர் உருவாகும்.

"உறைனு சொல்லு" என்றார் அம்மா, ஒரே வார்த்தையில். ஆனால் சாராயம் என்ற சொல் அவர் காதில் நின்றுவிட்டது. மறுநாள் நான் நடந்துவிட்டு வருவதற்குள், அப்பாவின் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து, பாட்டிலை முழுக்க வடிகட்டி, கண்ணாடிபோலத் தெளிவாக்கி வைத்திருந்தார். "அழுக்கெல்லாம் போயிருச்சு. இனிமே குடி" என்றார். எனக்கு வாய்த்தது தாயில்லா வினிகர். அதையே குடித்தேன்.

மனைவி ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் ஊருக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதைத் தனியாக எதற்கு மருந்துபோலக் குடிக்க வேண்டும், சமையலிலேயே சேர்த்தால் என்ன? வெள்ளரிக்காய், வெங்காயம், தக்காளிப் பச்சடியில் விட்டேன். பரவாயில்லை, நன்றாகவே இருந்தது. அதில் கர்வம் தலைக்கேறி, புளிக்குப் பதிலாக வினிகர் விட்டு ரசம் வைத்தேன்.

தயவுசெய்து யாரும் வைக்காதீர்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். கொதித்தாலும் பாத்திரத்திலேயே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அசிட்டிக் அமிலம் ஓர் ஓடுகாலி. நுரை கட்டுவதற்குள் ஆவியோடு கிளம்பிவிடும். என் பெரிய மாமா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், படம் கழுவும்போது நடுவில் ஒரு தட்டில் முக்கி எடுப்பாரே, அந்த நெடி. ஐம்பது வருஷம் கழித்து அது என் ரசச் சட்டியிலிருந்து எழுந்து, வரவேற்பறையைத் தாண்டி மாடிப்படி ஏறியது. மாடியில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்து, "சார், பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்றார். ரசத்தை ருசி பார்த்த அம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உன் பொண்டாட்டி எப்ப வர்றா?" என்று மட்டும் கேட்டார். 31 வருஷத்தில் என் அம்மா என் மனைவியை அவ்வளவு ஆவலாகத் தேடியது அன்றுதான்.

எண்ணெய்ப் படலம் மார்கழியில். வர்ஜினாக இருந்தாலும் தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான்; 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மதுரைக் குளிருக்கே ஜாடி வெள்ளை மெழுகாகிவிட்டது. ஒரு ஸ்பூன் சுரண்டி டிகிரி காபியில் போட்டேன். உருகியது, ஆனால் கலக்கவில்லை. குழம்பில் மிதக்கிற மாதிரி வட்டம் வட்டமாக மிதந்தது. மிக்ஸியில் அடித்துக் குடிக்க வேண்டுமாம். காபியை மிக்ஸியில் போட்டு அடிக்கிற பாவத்துக்கு நான் தயாராக இல்லை. அப்படியே உறிஞ்சினேன். மேலே மிதந்தது பூராவும் மீசையில் இறங்கியது. மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "மீசையும் தலையில சேர்ந்ததுதான். நல்லாத் தேயுங்க" என்றாள்.

தை மாதம் பரிசோதனை. சர்க்கரை 6.0. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோது டாக்டர் அடுத்த வரியைக் காட்டினார். எல்டிஎல் கொழுப்பு ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்றார். சொன்னேன். சிரிக்காமல் கேட்டார், அதற்கே அவருக்கு இன்னொரு முறை ஃபீஸ் கொடுக்கலாம். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 12 கிராம். அமெரிக்க இதயச் சங்கம் ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிப்பதே 13 கிராம் அளவுக்குத்தான். 2017-இலேயே அவர்கள் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டுச் சமையல்ல எண்ணெய் ஏற்கெனவே இருக்கு. அதுக்கு மேல நீங்க காபியிலயும் குடிச்சிருக்கீங்க" என்றார்.

வினிகர்? சோறு, ரொட்டியோடு சேரும்போது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, அவ்வளவுதான் என்றார். எடை மடமடவென்று குறைகிறது என்று 2024-இல் லெபனானிலிருந்து வந்து உலகமெங்கும் ஓடிய ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2025-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. "ரெண்டு இட்லி குறைச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். குறைத்திருந்தேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கவும் நடந்திருந்தேன். "அப்ப அந்தப் புண்ணியத்த வினிகர் கணக்குல ஏன் எழுதுறீங்க?" என்றார்.

ஊரிலிருந்து வந்திருந்த சின்ன மாமனாரிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவர் தென்னந்தோப்புக்காரர். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வினிகருக்கு ஆப்பிளத் தேடிப் போவானேன் மாப்பிள? தென்னங்கள்ள ஒரு வாரம் விட்டு வச்சா அதுவே காடிதான். இலங்கையில தேங்காப்பூ கணக்கா கடைக்குக் கட வித்துக் கிடக்கு" என்றார். யோசித்துப் பார்த்தால், ஒரே மரத்தின் பாளையில் வினிகர், காயில் எண்ணெய். நான் செலவழித்த பணத்துக்கு அந்த மரமே கிடைத்திருக்கும். நம் ஊரில் கள் இறக்கத் தடை என்பதால் பாதி மரம்தான் நமக்கு.

மிச்சமிருந்த தாயில்லா வினிகர் என்ன ஆனது என்றால், அம்மா பூஜையறைக் குத்துவிளக்குக்குப் போட்டுத் தேய்த்துவிட்டார். எலுமிச்சம்பழம் விலை கூடிவிட்டதாம். ரூ.450 வினிகரில் குளித்த பித்தளை, எங்கள் வீட்டில் நான் பார்த்ததிலேயே அதிகமாகப் பளபளத்தது. என்னிடம் காட்டாத வேலையை அது விளக்கிடம் காட்டியிருந்தது.

கண்ணாடி ஜாடி மனைவி வசம் போனது. போன ஞாயிற்றுக்கிழமை அவியல். முருங்கைக்காய், சேனை, வாழைக்காய், புடலங்காய். இறக்கியதும் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டாள். ஜாடியைச் சாய்த்து ஒரே ஒரு டீஸ்பூன், டாக்டருக்கு மரியாதை கொடுத்து, மேலே சுற்றி விட்டு மூடினாள். இரண்டு நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தபோது நானே மூச்சை இழுத்தேன். சத்தமில்லாமல்தான் இழுத்தேன்.

இரண்டாவது தடவை கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தியபோது பிடித்துக்கொண்டாள்.

"தலைக்குத் தேய்ச்ச வாசம் அடிக்குதா?"

வாய் நிறைய அவியல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.