பட்டன் டயரும் பால் பாக்கெட்டும்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. புது வண்டி வந்துருச்சாமா. ஊரே அதே நாயமாத்தான் இருக்குது. நாலு சக்கரமும் சேந்து இழுக்குமாம், மலை ஏறுமாம், பள்ளத்துத் தண்ணியில இறங்கி அக்கட்ட ஏறுமாம். ரொம்பச் சந்தோசம். அப்பறம் என்னத்துக்கு மொகம் இப்படிக் கெடக்குது? டயர் புடிக்கலையா? கம்பெனிக்காரன் போட்டுத் தாட்டி உட்ட டயரு இன்னும் வாசங்கூடப் போகலை. அதுக்குள்ள அது உனக்கு எளைச்சுப் போச்சா?

செரி, மாத்தலாம். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன்ற வண்டி எங்கெங்க போகுது? வெக்கப்படாமச் சொல்லு. காலையில முக்குக் கடைக்குப் பால் பாக்கெட்டு வாங்க. அப்பறம் ஆபீசு. அவினாசி ரோட்டுல சிக்னல் சிக்னலா நின்னு நின்னு போறது. சனிக்கெழமை ஆனா வால்பாறை. ஆழியாறுலருந்து மேல 40 கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் தார் ரோடு. அந்த 40 வளைவுலயும் கவர்மெண்டு பஸ்சு, மூட்டை முடிச்சோட சனத்தை ஏத்திக்கிட்டு, உனக்கு முன்னால போயிட்டிருக்குது. அந்த டிரைவரு என்னைக்காச்சும் வண்டியை நிறுத்தி, டயர் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து போட்டோ எடுத்ததைப் பாத்திருக்கியா?

உன்ற சேக்காளிக சொல்லுவானுக, 'மச்சான், முரட்டுப் பட்டன் போடு, பாக்க மெரட்டலா இருக்கும்'னு. ஆருக்கு மெரட்டல்? மண்ணுக்கா? மண்ணு உன்ற வண்டி மூஞ்சியைப் பாத்தா பயந்துக்கும்? சேத்துல போகோணும்னு டயர் வாங்கறீங்க. சேறு பட்ட அடுத்த நிமிசம் வாட்டர் சர்வீசுக்கு ஓடறீங்க. இந்தக் கூத்துக்கு எதுக்குக் கண்ணு இத்தனை செலவு? அஞ்சு டயரு வாங்கற காசுல நல்ல கறவை மாடு ஒண்ணு வந்துரும். பால் பாக்கெட்டு வாங்கப் போற சோலியும் மிச்சமாகும்.

கடைக்குப் போனா மூணு பேரு சொல்லுவானுக. எச்.டி., ஏ.டி., எம்.டி. எச்.டி. தார் ரோட்டுக்கு. எம்.டி. சேத்துக்கு. ஏ.டி. ரெண்டுக்கும் நடுவுல. எல்லாத் தரைக்கும் ஆகும்னு பேரு. எல்லாத் தரைக்கும் ஆகும்னு சொன்னா, எந்தத் தரைக்கும் முழுசா ஆகாதுன்னும் அர்த்தம். அதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். தப்புன்னு சொல்லலை, அதுதான் அதோட கொணம்.

எம்.டி. டயரைக் கிட்டப் போயிப் பாரு. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல வெரலே போகும். சேத்துல சுத்தறப்ப அந்தச் சந்து வழியாத்தான் சேத்தை வீசி எறிஞ்சுட்டு மறுபடியும் புடிக்குது. அது அதோட சாமர்த்தியம். அதே டயர் மழை பெஞ்ச தார் ரோட்டுல என்ன பண்ணும்? சந்து பெருசுன்னா தரையைத் தொடற ரப்பர் கொறைவு. பட்டன் ஒசரம்னா பிரேக்கு அடிக்கறப்ப நெளியும். வண்டி நிக்க ரெண்டு முழம் சேத்தி வேணும். முன்னால போற லாரிக்காரன் அந்த ரெண்டு முழத்தை உனக்குன்னு உட்டு வெச்சிருக்கானா? இது பத்தாதுன்னு சத்தம் வேற. 80-ல போனா ங்ஙொய்னு ஒரு ஓலம். உன்ற ஊட்டுக்காரி முன் சீட்டுல உக்காந்து ஏதோ கேப்பா. நீ 'என்ன?'ம்ப. அவ மறுபடியும் கேப்பா. பொள்ளாச்சி போறதுக்குள்ள ஒரு சண்டை முடிஞ்சிருக்கும். டீசல் சேத்திக் குடிக்கறது தனிக் கணக்கு.

வண்டி மாட்டுக்கு லாடம் கட்டறோம், ஏர் மாட்டுக்குக் கட்டறமா? பாரம் இழுத்துக்கிட்டுக் கல்லு ரோட்டுல நடக்கற மாட்டுக்குத்தான் அது வேணும். உழவுல மட்டும் நடக்கற மாட்டுக்கு எதுக்கு? டயரும் அப்படித்தான். காலு எங்க படுதோ அதைப் பாத்து முடிவு பண்ணோணும்.

உனக்குத் தோட்டம் இருக்குது, ஒத்துக்கறேன். மெயின் ரோட்டை உட்டு இறங்குனா சாளை வரைக்கும் இட்டேரி. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல சக்கரம் போன தடம், கல்லு, முள்ளு, மழை பேஞ்சா குழி. வாரத்துல நாலு நாள் அதுல போறவன் ஏ.டி. போடட்டும், நானே கூட வந்து வாங்கித் தாரேன். பட்டன் மேல மெல்லிசு மெல்லிசா வெட்டு இருக்கற ரகமாப் பாத்து எடு. ஈர ரோட்டுல புடிக்கறது அந்த வெட்டுதான். பக்கச் சுவரு கெட்டியா இருக்குதான்னு அழுத்திப் பாரு. இட்டேரிக் கல்லும் வேலா முள்ளும் பட்டனைக் குத்தறதைக் காட்டிலும் பக்கச் சுவத்தைத்தான் கிழிக்கும். பட்டன்ல ஆணி ஏறுனாப் பஞ்சர் கடைக்காரன் ஒட்டிக் குடுத்துருவான். பக்கச் சுவரு கிழிஞ்சா அந்த டயரு அதோட போச்சு.

ஆனா அந்த ஏ.டி. டயரு உன்னைய எல்லாச் சேத்துலருந்தும் கரையேத்தும்னு நெனைக்காத. உடுமலைப் பக்கம் கரிசக்காட்டுல மழை பேஞ்ச மக்காநாள் இறங்கிப் பாரு. கரிசல் மண்ணு சந்துக்குள்ள அப்பி இறுகிக்கும். ரெண்டு சுத்துல பட்டன் இருந்த தடமே தெரியாது, மொழுக்குனு ஆயிரும். அப்பறம் நீ என்ன டயரு போட்டிருந்தா என்ன? அந்த மண்ணுல மழைக்கு மக்காநாள் வண்டி உடாம இருக்கறதுதான் எங்க ஆளுக கண்டுபுடிச்ச தொழில்நுட்பம். காசே ஆகாது.

மணலு இன்னொரு ரகம். அதுல முரட்டுப் பட்டன் போட்டு மிதிச்சா, டயரு தோண்டித் தோண்டி வண்டியை வயித்தோட உக்கார வெச்சுரும். மணல் மேல மெதந்து போகோணும். அதுக்குப் பட்டன் வேண்டாம், காத்தை இறக்கு.

இங்கதான் நீ காதைத் தீட்டிக் கேக்கோணும். டயருக்குப் பணம் கொட்டறதுக்கு முன்னால காத்துப் பாக்கப் பழகு. எத்தனை காத்து வேணும்னு வண்டிக் கதவைத் தெறந்தா ஓரத்துல சீட்டு ஒட்டியிருப்பான். என்னைக்காச்சும் படிச்சியா? கார் ரகத்துக்கு முப்பதை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும். அதே காத்தோட மணல்ல இறங்குனா டயரு கல்லாட்டம் நிக்கும், தரையில கொஞ்சந்தான் படும். 18 வரைக்கும் இறக்கிப் பாரு. டயரு நீளவாக்குல படிஞ்சு உக்காரும். புதையறது நின்னுரும். கல்லுப் பாதையிலயும் கொஞ்சம் இறக்குனா குலுக்கல் பாதியாயிரும், கல்லும் டயரைக் கிழிக்காம உள்வாங்கிக்கும். ஆனா காத்தை இறக்குனவன் வேகத்தையும் இறக்கோணும். கொறைஞ்ச காத்துல வெடுக்குனு திருப்புனா டயரு ரிம்மை உட்டுக் கழண்டுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடியும் அடிச்சுக்கோணும். இல்லாட்டி சூடேறி வெடிக்கும். அதுக்கு வண்டி பேட்டரியில ஓடற சின்னக் காத்து மிசினு ஒண்ணும், காத்துப் பாக்கற மீட்டரு ஒண்ணும் வாங்கி வெச்சுக்க. ரெண்டும் சேந்து ஒரு டயரு விலையில பாதிகூட ஆகாது. அதைப் போட்டோ எடுத்தாத்தான் ஆரும் பாக்க மாட்டாங்க.

நம்பலையா? கொழுக்குமலைக்குப் போயிட்டு வா. மலை நம்ம தேனி மாவட்டம். வண்டியில போகோணும்னா கேரளாவுல சூரியநெல்லி வழியாத்தான் ஏறோணும். உன்னையாட்டம் வந்த புள்ளைக பெரிய பெரிய டயரு போட்ட வண்டியை அடிவாரத்துல நிறுத்திட்டு, உள்ளூர்க்காரன் பழைய ஜீப்புல ஏறிக் கம்பியைப் புடிச்சுட்டு உக்காந்து போவானுக. இந்தப் பழைய ஜீப்பு சாதிக்கெல்லாம் மூத்தது இரண்டாம் உலகப் போர்ல ஓடுன வில்லீசு. அதோட டயரு 6.00-16. ஆறே அங்குல அகலம். அதை வெச்சுக்கிட்டுத்தான் அந்தப் பட்டாளத்து வண்டி பாலைவனத்துலயும் பனியிலயும் போச்சு. கொழுக்குமலையில ஜீப்பு ஏறுதுன்னா பாதி டயரு, மீதி அந்த டிரைவரு. எந்தக் கல்லு மேல எந்தச் சக்கரத்தை ஏத்தோணும்னு அவனுக்குத் தெரியும். அதைக் கடையில எடை போட்டுக் குடுக்கறாங்களா?

அப்பறம் சைசு. இதுலதான் எளவட்டங்க புத்தி மேயப் போகுது. உன்ற டயர்ல 255/65 ஆர்18-னு போட்டிருக்குமே, என்னன்னு தெரியுமா? அகலம் 255 மில்லி. அதுல நூத்துக்கு 65 பங்கு பக்கச் சுவரு ஒசரம், அதாவது 165 மில்லி சில்லரை. ஆர்னா ரேடியல். ரிம்மு 18 அங்குலம். எல்லாம் கூட்டுனா டயரு முழு ஒசரம் கிட்டத்தட்ட 31 அங்குலம் வரும். நீ 33 போடோணும்ங்கற. போட்டா என்ன ஆகும்? மீட்டரு 80-னு காட்டறப்ப நீ 85-ல போயிட்டிருப்ப. போலீசுக்காரரு கையில இருக்கற கருவி 85-னுதான் சொல்லும். சக்கரம் பெருசானா எடுப்பு கொறையும், பிரேக்குக்குப் பாடு சாஸ்தி. வளைச்சுத் திருப்புனா உள்ள ஒரசும். ஒரசுதுன்னு வண்டியைத் தூக்கறேன்ப. தூக்குனா மேல கனம் ஏறிச் சாயற பயம். ஒரு டயருக்காக வண்டியவே வெட்டி ஒட்டறதுக்கு ஒரு அளவில்லையா?

சட்டமும் இருக்குது சாமி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கம்பெனி குறிச்சுக் குடுத்து, ஆர்.சி. புத்தகத்துல ஏறியிருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. அதனால வண்டிக்காரன் அனுமதிச்ச சைசுக்குள்ளயே நில்லு. அதே வரிசையில கடைசியா 112 எஸ்-னு ஒண்ணு இருக்கும். 112-னா ஒரு டயரு 1,120 கிலோ தாங்கும். எஸ்-னா 180 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாக்குப் புடிக்கும். பழசுல இருந்த எண்ணை உட்டுக் கீழ எறங்காத. விலை கொறைவுன்னு எவனாச்சும் நீட்டுனா இந்த எடத்தை மொதல்ல பாரு.

பொறந்த தேதியும் பாரு. டி.ஓ.டி.-னு எழுதி, கடைசியில நாலு எண் இருக்கும். 2423-னா 2023-ஆம் வருசம் 24-ஆவது வாரத்துல செஞ்சது. கடைக்காரன் பளபளன்னு தொடைச்சு வெச்சிருப்பான், கறுப்பு பாலீசு வேற போட்டிருப்பான். பாலீசு வயசை மறைக்குமா? ரப்பரு சும்மா கெடந்தாலும் மூக்கும். நாலு வருசம் குடோன்ல கெடந்ததைப் புதுசுன்னு வாங்கிட்டு வந்துராத.

இன்னொரு முத்திரை காட்டுவானுக. மூணு முகடு வெச்ச மலை, உள்ள ஒரு பனித்துகளு. 'இது ஒசத்தி அண்ணா'ம்பான். ஒசத்திதான், பனி மூடுன ரோட்டுல சோதிச்சுத்தான் அந்த முத்திரையைக் குடுக்கறாங்க. நம்ம ஊருக்கு எதுக்கு? ஊட்டியில மார்கழி, தையில புல்லு மேல வெள்ளையாப் படியுமே, அதுக்கா? வெயிலு ஏறுனா அது தானாப் போயிரும். லடாக்கு போறேன்னு சொல்லு, அது வேற நாயம். ஆனா நீ மூணு வருசமா லடாக்கு போறேன்னுதான் சொல்லிட்டிருக்கற.

வாங்கறதுன்னு ஆயிட்டா ஸ்டெப்னியை மறந்துராத. நாலு புதுசு மாட்டி, பின்னால பழைய சைசைத் தொங்க உட்டுட்டுப் போறான் ஒருத்தன். காட்டுக்குள்ள பஞ்சரானா அதைத்தான மாட்டோணும்? நாலு சக்கரமும் சேந்து இழுக்கறப்ப ஒண்ணு மட்டும் சிறுசா இருந்தா, உள்ள கியரு பல்லெல்லாம் முறுக்கிக்கும். அந்த ரிப்பேரு பில்லைப் பாத்தா டயரு விலையெல்லாம் ஒரு விலையான்னு தோணும். அஞ்சும் ஒரே சைசு, ஒரே ரகம். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா முன்னதைப் பின்னால மாத்திப் போடு, ஒரே பக்கம் தேயாது. பட்டன் 1.6 மில்லிக்கு வந்துருச்சுன்னா மாத்தித்தான் ஆகோணும். சந்துக்குள்ள சின்ன மேடு வெச்சிருப்பான், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேஞ்சா கணக்கு முடிஞ்சுது.

ஆக, டவுனும் வால்பாறையும்தான்னா எச்.டி. போதும். இட்டேரி நெசமா இருந்தா, கம்பெனி சைசுலயே ஏ.டி. எம்.டி.யைப் போட்டிக்குப் போறவனுக்கு உட்டுரு. ஆனைமலைக் காட்டுக்குள்ள எறக்கி ஓட்டலாம்னு நெனைப்பிருந்தா அதையும் மறந்துரு. வனத்துறை புடிச்சா டயரு ரகம் கேக்க மாட்டாங்க, வண்டியத்தான் கேப்பாங்க.

இப்பக் கெளம்பு. கடைக்குப் போறதுக்கு முன்னால பெட்ரோல் பங்குல நிறுத்தி, இருக்கற அஞ்சு டயர்லயும் காத்து எத்தனை இருக்குதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. ஸ்டெப்னியையும் சேத்துப் பாரு.