ஊறல் இன்ஜினியர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கியூசி பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தம் வீட்டுப் பால்கனியில் மக்காச்சோள ஊறல் போட்டிருக்கிறார் என்றால், உடனே குடிகாரப் பட்டம் கட்டிவிடக் கூடாது. குடிக்கிறவனுக்குப் பொறுமை கிடையாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறுவதற்குள் மூன்று தடவை மணி பார்க்கிறவன், ஒரு பிளாஸ்டிக் கேனுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நிமிஷத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணுவானா? இவர் எண்ணுகிறார். தேதி, நேரம், வெப்பநிலை, குமிழி, ரிமார்க்ஸ் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டில் எழுதியும் வைக்கிறார். இவருடைய வியாதி வேறு. கடையில் விற்கிற எதையும் வீட்டிலேயே இதைவிட ஒழுங்காகச் செய்துவிடலாம் என்கிற வியாதி. ஃபினாயில், இன்வெர்ட்டர், மண்புழு உரம் என்று படிப்படியாக முற்றி இங்கே வந்து நிற்கிறது.

இதற்கு முதல் சாட்சி மக்காச்சோளமேதான். கல்வராயன் மலையில் போலீஸ் பேரல் பேரலாகக் கவிழ்த்து அழிக்கிற ஊறலைப் பாருங்கள். வெல்லமும் வேலம்பட்டையுமாகத்தான் இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், மாவுச்சத்தைத் தின்னாது. வெல்லத்தில் சர்க்கரை தயாராக இருக்கிறது. மக்காச்சோளத்திலோ எல்லாம் மாவுச்சத்து. அதை உடைத்துச் சர்க்கரையாக்க அமிலேஸ் என்கிற நொதி வேண்டும். தானியம் முளைவிடும்போது அது சுரக்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி இளகி நிற்பது அந்த நொதியின் வேலை. பேரப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிய பாட்டிகள் பெயர் தெரியாமலே கண்ட சங்கதியை, இவர் நீளமான வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு வீட்டாருக்கே பாடம் எடுக்கிறார். மலையில் காய்ச்சுகிறவர் குறுக்கு வழியில் போய் வேலையை முடித்துவிட, டிப்ளமோ படித்தவர் கென்டக்கி வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார். போர்பன் விஸ்கிக்கான தானியத்தில் மக்காச்சோளம் 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எழுத்தில் ஒரு ஸ்பெக் கிடைத்துவிட்டது, அப்புறம் இவரைப் பிடிக்க முடியுமா? போதைதான் குறி என்றால் இத்தனை சுற்று எதற்கு?

பொருள் சேர்க்கும் படலம் தனி. தீவனக் கடையில் உடைத்த மக்காச்சோளம் பத்துக் கிலோ கேட்பார். "எத்தினி கோழி சார் வச்சிருக்கீங்க?" என்பார் கடைக்காரர். "இனிமேதாம்பா வாங்கணும்." காப்பர் ட்யூப் ஏசி மெக்கானிக்கிடம் வாங்கியாயிற்று, அதைச் சுருளாக வளைக்க லேத் பட்டறை. "இன்னா சார் ஜாப் இது?" "சோலார் ஹீட்டருக்குப்பா." பட்டறைக்காரர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓடிச்சின்னா நமக்கும் ஒரு குவார்ட்டர் வெந்நீர் குடுங்க சார்" என்பார். வீட்டில் வாடை கிளம்பியதும் அக்கம்பக்கத்துக்குச் சொல்ல மாடித்தோட்டம் கைகொடுக்கும்: "மீன் அமிலம் போட்டிருக்கேன் மேடம்." எதிர்வீட்டம்மா மறுநாள் ரோஜாச் செடிக்கு ஒரு டம்ளர் கேட்டு வரும்போதுதான் சிக்கல்.

இதெல்லாம் கொரோனா காலத்தில் கடை மூடியதால் வந்த தாகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 மார்ச் 24 அன்று மூடிய டாஸ்மாக், மே மாதம் நீதிமன்றங்களுக்கு நடுவே திறந்தும் மூடியும் மறுபடி திறந்தும் மற்ற மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. சென்னை போலீஸ் எல்லைக்குள் மட்டும் ஆகஸ்ட் 18 வரை வரவில்லை. ஆவடிக்குத் தனி கமிஷனரேட் வந்தது 2022இல்தான் என்பதால் இந்த மேற்குப் பக்கம் முழுக்க அந்த எல்லைக்குள் மாட்டிக்கொண்டது. குக்கரில் காய்ச்சிப் பிடிபட்டவர்கள் செய்தி அப்போது அடிக்கடி வந்தது. ஆனால் ஆகஸ்டில் என்ன நடந்தது? தாகக்காரர்கள் குக்கரைக் கழுவி வீட்டம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம்மவர் கேஸ்கெட்டை மாற்றி, பிரஷர் கேஜ் வாங்கினார். ஆவடியில் மிலிட்டரி கேன்டீன் கார்டு உள்ளவர்களிலும் இந்த ரகம் உண்டு. மலிவு விலை ரம் பீரோவில் சீல் உடையாமல் இருக்கும். மனுஷன் பால்கனியில் குமிழி எண்ணிக்கொண்டிருப்பார்.

உயிருக்கு ஆபத்தில்லையா என்று கேட்டுவிட்டால் ஒரு சொற்பொழிவு நிச்சயம். 2023இல் மரக்காணம் பக்கத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் கொத்துக் கொத்தாக உயிரைப் பறித்தது ஆலைகளுக்கான மெத்தனால், தானிய ஊறலில் அது சொற்பம் என்பார். அது சரிதான். அடுப்பைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ஜன்னல் சாத்திய சமையலறையில் ஆல்கஹால் ஆவி கசிய, பக்கத்திலேயே கேஸ் எரிந்தால் என்ன ஆகும் என்பது எந்த ஃபாக்டரி சேஃப்டி வகுப்பிலும் முதல் நாள் பாடம். சட்டத்தைக் கேட்டால் நியூசிலாந்தில் 1996 முதல் வீட்டில் காய்ச்ச அனுமதி உண்டு என்பார். பூந்தமல்லி நியூசிலாந்தில் இல்லை. இங்கே இருப்பது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். அதை வைத்துக்கொண்டே அரசு கடை நடத்துவது வேடிக்கைதான் என்றாலும், அனுமதியில்லாமல் காய்ச்சுவது மட்டுமல்ல, ஊறல் போட்டாலே வழக்கு; வீட்டு உபயோகத்துக்கு என்று விலக்கு ஏதும் கிடையாது.

ஆனால் பெரும்பாலும் ஊறலே போலீசுக்கு வேலை வைப்பதில்லை. சித்திரை வெயிலில் ஈஸ்டை முந்திக்கொண்டு பாக்டீரியா புகுந்துவிட, கேன் முழுக்கப் புளித்துப் போய்த் தென்னை மரத்தடிக்குப் போகும். நம்மவர் அசர மாட்டார். அன்று ராத்திரியே ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் தயார். மூலக் காரணம்: இட்லி மாவுக் கரண்டியால் கிளறப்பட்டது. பொறுப்பு: மனைவி. திருத்த நடவடிக்கை: தனிக் கரண்டி வாங்க வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 கிரேடு.